1502இல் ஸ்பானியக் கப்பல்களை அழித்த அட்லாண்டிக் புயல்

அமெரிக்கக் குடியேற்றங்களின் தொடக்கக் காலத்தில் அட்லாண்டிக் புயல்கள் எவ்வளவு சேதம் விளைவித்தன என்ற கேள்விக்கு, 1502ஆம் ஆண்டின் நிகழ்வையே முதலில் சொல்ல வேண்டும். அவ்வாண்டு கோடையில் கரீபியக் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவின் சாண்டோ டொமிங்கோவை அடைந்த கொலம்பஸ், புயல் நெருங்குவதை உணர்ந்து, துறைமுகத்தில் ஒதுங்க இடம் கேட்டதோடு, ஸ்பெயினுக்குப் புறப்படவிருந்த சுமார் 30 கப்பல்களை நிறுத்தி வைக்குமாறும் ஆளுநர் நிக்கோலாஸ் தெ ஒவாண்டோவை வேண்டினார். இரண்டும் மறுக்கப்பட்டன. புறப்பட்டவற்றுள் ஏறத்தாழ 20 கப்பல்கள் மூழ்கின. முன்னாள் ஆளுநர் பொபாடில்லா உட்பட ஏறக்குறைய 500 பேர் மாண்டனர். கரையோரம் ஒதுங்கிய கொலம்பஸின் 4 கப்பல்களும் தப்பின. கப்பல்களோடு மூழ்கிய பொன்னைப் பற்றியே பெரிதும் பேசப்பட்டாலும், கைதியாக ஏற்றப்பட்டிருந்த அத்தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களின் தலைவர் குவாரியோனெக்ஸின் மரணமே எனக்கு மிகக் கொடியதாகத் தோன்றுகிறது.

1559 செப்டம்பரில், இன்றைய ஃபுளோரிடாவின் பென்சகோலா விரிகுடாவில் நின்ற ஸ்பெயினுக்காகக் குடியேற்றம் அமைக்க வந்த திரிஸ்தான் தெ லூனாவின் கப்பல்களைப் புயல் தாக்கியபோது, உணவுப்பொருள்களில் பெரும்பகுதி இன்னும் கரையிறக்கப்படாமல் இருந்ததால், குடியேறிகள் நெடுங்காலப் பட்டினிக்கு உள்ளாயினர்.