கழுத்து தெறித்த பனியன்

அன்புள்ள அக்காவுக்கு,

அவிநாசிப் பக்கமிருந்து எழுதறேனுங்க. பாப்பா எட்டாவது படிக்கறா. ஒரு வருசமா கறுப்பு தவிர வேற துணியே எடுக்க மாட்டேங்கறா. "எழவு வீட்டுக்கா போறே?"ன்னு அவ ஆத்தா, எங்க மாமியார், தினமும் ஒரு பாட்டு. இப்ப ஆத்தாளோட பழைய கால்மிதி மெஷின்ல தானே தைக்கிறேன்னு உக்காந்துட்டா. காதர்பேட்டையில கிலோக் கணக்குல வாங்கின பனியன் துணியில ஒரு சட்டை தைச்சா. தலையை விட்டதும் கழுத்து படபடன்னு தெறிச்சுருச்சு. அழுதவ, மெஷின் பக்கமே போகலை. தையல் கிளாசுல சேர்த்து விடட்டுங்களா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கிளாஸ் இப்போது வேண்டாம். தெறித்தது பாப்பாவின் குற்றமில்லை என்று முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். பனியன் துணி தறியில் நெய்ததல்ல, பின்னியது. வளையத்துக்குள் வளையமாகக் கோத்திருப்பதால் இழுத்தால் நீளும். கால்மிதி மெஷினின் நேர்த்தையலுக்கு நீளத் தெரியாது. தலை நுழையும்போது துணி விட்டுக்கொடுக்கிறது, நூல் அறுந்துபோகிறது. திருப்பூர் கம்பெனிகளில் துணியோடு சேர்ந்து நீளும் தையல் போடும் ஓவர்லாக், பிளாட்லாக் என்று தனி மெஷின்கள் ஓடுவது இதற்காகத்தான்.

அவளுக்கு ஒரு பிளேடும் பழைய பாவாடை ஒன்றும் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். நான் தையல் கற்றது பிரித்துத்தான். "வளர்ற புள்ளை, உள்ளே துணி விட்டுத் தைங்க" என்று சொல்லாமல் எங்கம்மா டெய்லரிடம் அளவு கொடுத்ததே இல்லை. டெய்லரும் பாவாடை விளிம்புக்கு மேலே துணியை மடித்துத் தைத்து இரண்டு டக் பிடித்திருப்பார். பொங்கலுக்குப் பொங்கல் ஒன்றைப் பிரிப்போம். பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத நிறம் கோடாக நிற்கும். வகுப்பில் ஒருத்தி அந்தக் கோடுகளை எண்ணி, "மூணு வருசத்துப் பாவாடைடி" என்றாள். கூசிப்போனேன். ஆனால் மூன்று மீட்டர் துணியைக் கொசுவிக் கொசுவி இடுப்புப் பட்டிக்குள் எப்படி அடக்கினார் என்பதை அந்தப் பாவாடையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன்.

கறுப்புக்கு வருகிறேன். பாப்பா பெரியவளாகி எவ்வளவு நாளாகிறது? பெஞ்சிலிருந்து எழும்போது தோழியிடம் "பின்னால பாருடி" என்று கேட்காமல் நம்மில் யார் படித்து முடித்தோம்? கறை தெரியாத நிறம் அது. வெறுமனே பிடித்தும் இருக்கலாம், அடித்துச் சொல்ல மாட்டேன். ஆத்தா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். கறை பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசச் சொல்லிக்கொடுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் ரத்தத்தின் புரதம் இறுகி நூலோடு பிடித்துக்கொள்ளும். அலசிய உள்ளாடை கதவுக்குப் பின்னால் ஒளியாமல் வெயிலில் கொடியில் காயட்டும். மாமியார் முணுமுணுத்தால் அது உங்கள் பாடு.

கறுப்புத் துணி மட்டும் உள்வெளியாகத் திருப்பி நிழலில். புதுத்துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். இப்போதைய பருத்திச் சாயங்களுக்கு உப்பின் வேலையெல்லாம் பட்டறையில் சாயம் ஏற்றும்போதுதான். (அந்த உப்பும் சேர்ந்துதான் நொய்யல் ஆற்றை ஒரத்துப்பாளையம் அணை வரை கெடுத்தது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும்.) ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உங்கள் பக்கெட்டில் போடும் ஒரு கைப்பிடி உப்பு ஒட்டவைக்காது. தனியாக இரண்டு மூன்று அலசல் போதும்.

தெறித்த பனியனைக் கரித்துணி ஆக்கிவிடாதீர்கள். கழுத்தைச் சுற்றி இன்னும் ஒரு விரல் அகலம் வெட்டிவிடட்டும், தலை தாராளமாக நுழையும். வெட்டிய ஓரம் நெய்த துணி மாதிரி நூல் நூலாகப் பிரியாது, தானே சுருண்டுகொள்ளும். தைக்காமல் அப்படியே போட்டுக்கொள்ளலாம்.