"செபமாலையை விடவில்லை, அதனால் தப்பினோம்" என்று சொன்னவன் நான்

கேள்வி: தனிப்பட்ட ஓர் இழப்பு உங்களுக்குத் தாழ்ச்சியையும் விசுவாசத்தையும் கற்றுத் தந்திருக்கிறதா? கிறிஸ்தவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியைக் கண்டு நாலைந்து நாளாகிறது. எழுதத் தொடங்குவதும் அழிப்பதுமாக இருந்தேன். "கற்றுத் தந்ததா" என்ற சொல்தான் என்னைத் தடுத்தது. எனக்குத் தாழ்ச்சி படிப்பிப்பதற்காகக் கடவுள் என் பிள்ளையை எடுத்தார் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். அப்படிப்பட்ட ஒரு கடவுளிடம் என்னால் செபிக்கவும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் இலங்கையின் வடக்கே, வன்னியின் மேற்குப் பக்கம், மன்னார் மாவட்டத்தில் அடம்பனுக்குக் கிட்ட. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற ஆட்கள். பரம்பரைக் கத்தோலிக்கர். என் அப்பா தபசு காலத்தில் கோவிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் பாடுகிறவர், அவருக்குப் பிறகு நான். ஞானோபதேசமும் படிப்பித்தேன். தலையான பாவங்கள் ஏழு என்று பிள்ளைகளைச் சொல்லவைப்பேன். முதலாவது அகங்காரம், அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. நூறு பிள்ளைகளுக்காவது அதைப் பாடமாக்கிக் கொடுத்திருப்பேன்.

2008இல் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டை எங்கள் பக்கம் வந்தபோது வெளிக்கிட்டோம். நான், மனைவி, மகன், மகள். மல்லாவி, கிளிநொச்சி, விசுவமடு, இரணைப்பாலை, கடைசியாக மாத்தளன். எந்த இடத்தில் தறப்பாள் கட்டினாலும் முதலில் பங்கர் வெட்டுவோம், பொழுதுபட்டதும் அதற்குள் இருந்து ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லுவோம். 2009 ஏப்ரல் 20 அன்று சனத்தோடு சனமாகத் தண்ணீருக்குள்ளால் நடந்து வெளியே வந்தோம். நாலு பேரும் வந்து சேர்ந்தோம். மகளின் முழங்காலில் ஒரு சின்னக் காயம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வன்னியில் ஒரு குடும்பம் குறையாமல் வந்தது என்றால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிக்குளம் மனிக் பாம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே ஒரு நன்றிச் செபம் வைத்தோம். என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் எழும்பிச் சொன்னேன்: "நாங்கள் பங்கருக்குள்ளயும் செபமாலையை விடேல்ல. அதுதான் மாதா எங்களை ஒருத்தரும் குறையாமல் கொண்டுவந்து சேர்த்தவ."

அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் இருந்தார். பொக்கணையில் அவருடைய புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரே நாளில் போனார்கள். செபம் முடிய அவர் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். நான் அதைக் கண்டேன். அன்றிரவு மனைவியிடம், "அவவுக்கு விசுவாசம் காணாது போலகிடக்கு" என்று சொன்னேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

ஒருமுறை சொன்னதோடு நிற்கவுமில்லை. மீளக்குடியேறிய பிறகு அன்பியக் கூட்டங்களில், தியானங்களில், வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் என்று ஆறு வருடம் இதே சாட்சியைச் சொன்னேன். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் எங்கள் மாவட்டத்து மாதா கோவிலான மடுவுக்கு வந்தபோது அந்தச் சனக்கடலுக்குள் குடும்பத்தோடு நின்றேன். மகனுக்கு அப்போது இருபது வயது. வயதான ஆட்களுக்குத் தண்ணீர் காவிக் கொடுத்துக்கொண்டு திரிந்தான். திருத்தந்தை மாதாவின் சுரூபத்தைக் கையில் ஏந்தி ஆசீர் கொடுத்தபோது, 'பார், எங்களை எப்படிக் காத்தவ' என்று நினைத்தேன். என்னைச் சுற்றி நின்ற சனத்தில் எத்தனை பேர் பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள் என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த வருடம், பெரும்போகம் வெட்டுகிற நேரம். தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு ஒரு கிழமை இருந்தது. அடுத்த நாள் வெட்டு மெஷின் வருவதாக இருந்ததால், இரவு பன்றிக் காவலுக்கு மகன் வயலுக்குப் போனான். எட்டு மணிபோல திரும்பி வந்தான். வரம்பில் ஏதோ காலில் பட்டது, பாம்பாக இருக்கலாம் என்றான். டோர்ச் அடித்துப் பார்த்தேன். கணுக்காலில் இரண்டு சின்னப் புள்ளி, கொஞ்சம் வீக்கம். "தண்ணிப் பாம்பா இருக்கும்" என்று சொன்னது நான்.

மடு மண்ணைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மடுவிலிருந்து எடுத்து வந்த மண் பாம்புக்கடியிலிருந்து காக்கும் என்பது கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவ ஆட்களும் நம்புகிற விஷயம். எங்கள் வீட்டிலும் ஒரு போத்தலில் இருந்தது. அதை எடுத்து அவன் காலில் பூசினேன். மனைவி, "மோட்டார் சைக்கிளில ஏத்திக்கொண்டு போங்கோ" என்று இரண்டு தரம் சொன்னா. "செபமாலை சொல்லிப்போட்டுப் பாப்பம். அவ்வளத்துக்குள்ளால வந்தனாங்கள், இது என்ன" என்றேன். சொல்லி முடித்தோம். பத்து மணி தாண்டிப் பல் ஈறில் இரத்தம் கசிந்தது. அப்போதுதான் ஓடினேன்.

கடித்தது புடையன், கண்ணாடி விரியன் என்றும் சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி ஏற்றினார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்சில் அனுப்பினார்கள். டாக்டர்மார் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் மூன்றாம் நாள் முடிந்தது.

இதை வாசிக்கிற யாராவது வயலில் வேலை செய்கிறவராக இருந்தால், தயவுசெய்து ஒன்று. புடையன் கடித்தால் காயம் சின்னதாகத்தான் தெரியும். அதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் அழிக்கும். இறுக்கிக் கட்டவேண்டாம், கீறவேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகிற வழியில் செபியுங்கள். மாதா அதைக் கேட்பா.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் விபூதிப் புதன். கோவிலுக்குப் போகவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, கால் தானாகப் போனது. சுவாமியார் நெற்றியில் சாம்பலைப் பூசி, மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொன்னார். நான்கு நாளுக்கு முன் என் கையாலேயே மண் போட்டிருந்தேன். அந்த வருடம் வியாகுலப் பிரசங்கத்துக்கு எனக்குக் குரல் வரவில்லை. வேறொருவர் பாடினார். பெரிய வெள்ளியன்று பின்வரிசையில், தூணோடு சாய்ந்து இருந்தேன். அங்கே இருந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், வழக்கமாகப் பின்வரிசையில் இருக்கிறவர்கள் யார் என்று. பிள்ளை காணாமல் போனவர்கள், புருஷன் இல்லாதவர்கள், பூசைக்குப் பிந்தி வந்து முந்திப் போகிறவர்கள். இவர்களைத்தான் நான் முன்னுக்கு நின்று வருடக்கணக்காக "பக்தி குறைஞ்சுபோச்சு" என்று பேசினேன்.

வீட்டுக்கு வந்தவர்களும் பேசினார்கள். கெட்ட மனதோடு யாரும் பேசவில்லை. "கடவுள் நல்ல பிள்ளைகளைத்தான் கேக்கிறவர்" என்றார்கள். "ஏதோ ஒரு நோக்கம் இருக்கும்" என்றார்கள். ஒருவர், "வீட்டில செபத்துக்கு ஏதும் குறை வந்ததோ?" என்றே கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அது என்னுடைய குரல். முகாமில் நான் பேசியது எனக்கே திரும்பி வந்திருந்தது.

அந்த அக்காவும் வந்தார். செத்தவீட்டு அன்றிலிருந்து எட்டு நாளும் வந்தார். பின்பக்கத்தால் வந்து நேரே குசினிக்குப் போவார். மனைவிக்குத் தலை இழுத்துவிடுவார். மகளுக்குச் சோறு தீத்திவிடுவார். எனக்குப் பக்கத்தில் தேத்தண்ணியை வைத்து, "குடியுங்கோ தம்பி" என்பார். அவ்வளவுதான் பேச்சு. யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள் என்று வேதாகமத்தில் இருக்கிறது. அவர்கள் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் ஆண்டவர் கோபித்தது கத்திக் குளறிய யோபுவோடு அல்ல, விளக்கம் சொன்ன அவர்களோடு.

ஆறு மாதம் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நின்றார். "அக்கா, முகாமில அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன். மேலே வார்த்தை வரவில்லை.

"ஞாபகம் இருக்கு தம்பி" என்றார். கன நேரம் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாங்களும் செபமாலைதான் சொல்லிக்கொண்டிருந்தனாங்கள். சின்னவளின்ர கையில சுத்தியிருந்தது. அதோடதான் தாட்டனான்."

நான் நிலத்தில் குந்திவிட்டேன். அவர் வந்து என் தலையில் கையை வைத்தார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

கேள்வி கேட்டவருக்கு நான் காட்டக்கூடிய இடம் அதுதான். என் மகன் போனதால் என் மனம் உடைந்தது. ஆனால் நான் யார் என்று எனக்குத் தெரிந்தது அந்த முற்றத்தில்தான். என் செபத்துக்குக் கிடைத்த கூலியாக உயிர்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு நாலு, அவருக்கு ஒன்று என்று.

லூக்கா 13ஆம் அதிகாரத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். இவ்வளவு தெளிவாக இருக்கிறது. எங்கள் மண்ணிலும் தெளிவாகத்தான் இருந்தது. 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காக ஏறக்குறைய 600 பேர் வெட்டுப்பட்டார்கள். 1999 நவம்பரில் மடுக்கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் எறிகணை விழுந்து ஏறக்குறைய 40 பேர் போனார்கள், மாதாவின் காலடியில். 2008 ஏப்ரலில் அந்த மாதாவின் சுரூபத்தையே ஷெல்லடிக்குப் பயந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. இதையெல்லாம் ஞானோபதேசப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னவன் நான். செபித்தவர்கள் எல்லோரும் தப்பவில்லை என்பது என் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது.

சரி, இப்போது என்ன விசுவாசம் மிச்சம் இருக்கிறது என்று கேட்பீர்கள். முந்தியதைவிடச் சின்னது. முந்தி ஆண்டவரிடம் கேட்டால் தருவார் என்று நம்பினேன். இப்போது கேட்கும்போது அவர் இருக்கிறார் என்று நம்புகிறேன். லாசர் செத்த வீட்டில், "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்" என்று மார்த்தாவும் மரியாவும் அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை, அழுதார். அந்த வரியை நானும் அவரிடம் நிறையத் தரம் சொல்லியிருக்கிறேன். மாற்கு நற்செய்தியில் ஒரு தகப்பன், நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று கதறுகிறான். நோயாளிப் பிள்ளையை வைத்திருந்த தகப்பன் அவன். நான் படுக்கப்போகும்போது சொல்கிற செபம் பெரும்பாலும் அதுதான்.

மனைவி ஒரு வருடத்துக்கு மேல் கோவிலுக்கு வரவில்லை. பழைய ஆளாக இருந்தால் அவவை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஒருநாள் தானாகச் சொன்னா: "நான் அவரோட கோவம். ஆனா கதைக்காமல் விடேல்ல." நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியப் போய் வந்தேன். பிறகு ஒரு நத்தாருக்கு அவவாகவே சேலையை உடுத்திக்கொண்டு வந்தா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

சாட்சி சொல்லக் கூப்பிட்டால் இப்போது போவதில்லை. செத்தவீடுகளுக்குப் போகிறேன். கதிரை அடுக்க, தண்ணீர் அள்ள, பந்தல் பிரிக்க ஆள் வேண்டும். மடு மண் போத்தல் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதை எறிய எனக்கு மனம் வரவில்லை. என்னுடைய பிழையை மாதாவின் தலையில் போட நான் யார்?

அக்காவின் மூன்று பேருக்கும் கல்லறை இல்லை. தாட்ட இடத்தை அவர் பிறகு தேடிப் போனபோது அடையாளம் ஒன்றும் இருக்கவில்லை. நவம்பர் 2, ஆத்துமாக்கள் நாளில் சேமக்காலைக்கு எல்லோரும் மெழுகுதிரி கொண்டு போவோம். அந்த முதல் வருடம் அவர் வாசலோடு நின்றார். கையில் மூன்று திரி இருந்தது. "எங்க கொளுத்துறது எண்டு தெரியேல்ல தம்பி" என்றார். மகனின் கல்லறையில் இடம் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அங்கே நாலு திரி எரியும். அது மழைக்காலம், காற்று விடாது. அவர் கொளுத்த, அணையாமல் நான் கையால் மறைத்துப் பிடிப்பேன்.