இரத்தக்கட்டியைக் கரைக்கும் பாக்டீரிய நொதி உப்பில் செயலிழந்துவிடுமா?

முதுநிலை ஆய்வேட்டுக்காகக் கடற்கரை மண்ணிலிருந்து ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, உப்பைக் கூட்டக் கூட்ட ஃபைப்ரின் தட்டில் (இரத்தக்கட்டியின் புரத இழையான ஃபைப்ரினை உறையவைத்த தட்டு) தெளிவு வளையம், அதாவது நொதி ஃபைப்ரினைக் கரைத்த வட்டம், மறைவதைப் பார்த்துவிட்டே இக்கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால், நொதியைச் சந்தேகிக்கும் முன் தட்டைச் சந்தேகியுங்கள்.

ஃபைப்ரின் இழைகளின் தடிமன், அவை உறையும் கரைசலின் உப்புச் செறிவைப் பொறுத்தது. உடல் திரவத்துக்கு ஒப்பான 0.9 விழுக்காட்டில் இழைகள் பக்கவாட்டில் ஒட்டித் தடிப்பதால் உறைவு வெண்மையாக மங்கித் தெரியும். செறிவு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கானால் இழைகள் மெலிந்து, உறைவே ஒளியை ஊடுருவவிடும். ஃபைப்ரினை உறையவைக்கும் நொதியான த்ரோம்பினின் வேகமும் உப்பில் குறையும். மங்கலான பின்னணி இல்லாத தட்டில் தெளிவு வளையத்தை எப்படிக் காண்பது?

என் முனைவர் பட்ட ஆய்வின்போது இதே நிலை வந்தது. இரண்டரை விழுக்காடு உப்பில் நொதி முற்றிலும் செயலிழக்கிறது என்று நெறியாளர் கட்டுரை வரைவில் எழுதிவிட்டார். நான் தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பின்னால் இருந்த அச்செழுத்துகளைத் தட்டின் எந்த மூலை வழியாகவும் வாசிக்க முடிந்தது. உடனே புரதத்தில் ஒட்டும் கூமாசி நீலச் சாயத்தில் ஊறவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த நீரில் சாயத்தை நீக்கினேன். கரையாத ஃபைப்ரின் நீலமாக நின்றது. நொதியிட்ட குழியைச் சுற்றி வெளிறிய வட்டம், 0.9 விழுக்காட்டுத் தட்டில் இருந்ததைவிடச் சற்றே சிறியதாக, ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ஆனால் அந்தப் படம் கட்டுரையில் சேர்க்கப்படவில்லை. நடுவர்கள் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று எங்கள் குழுவில் சொல்லிவிட்டார்கள், நடுவர்களும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. பழைய கணக்கைத் தீர்க்க எழுதுகிறேன் என்று யாரேனும் கருதினால் கருதட்டும். சாயமிட்ட ஒரு தட்டு கேட்பது பேராசை அன்று.

உப்பு நொதியைத் தொடவே தொடாது என்று நான் சொல்வதாகவும் கொள்ள வேண்டாம். 1987-இல் ஹிரோயுகி சுமி குழுவினர் நாட்டோ என்ற ஜப்பானியப் புளித்த சோயா உணவிலிருந்து அறிவித்த நாட்டோகைனேஸ், 275 அமினோ அமிலங்களைக் கொண்ட செரின் புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் ஒரு வகை நொதி. பேசில்லஸ் பாக்டீரியா சுரக்கும் சப்டிலிசின் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்ப நொதிகளின் வடிவத்தைக் கால்சியம் அயனி உறுதிப்படுத்துகிறது. நொதிக்கும் ஃபைப்ரினுக்கும் இடையிலான மின்னீர்ப்பு உப்புச் செறிவோடு மாறக்கூடியது. வளர் ஊடகத்தில் உப்பைக் கூட்டுவது இதிலிருந்து முற்றிலும் வேறான சோதனை. அங்கே பாக்டீரியா மெதுவாக வளர்ந்து நொதியைக் குறைவாகச் சுரந்திருக்கலாம். செல் அடர்த்தியையும் நொதிப் புரத அளவையும் பார்க்காமல் அதை 'செயல்திறன் குறைவு' என்று எழுதும் ஆய்வேடுகளை நான் நிறையவே வாசித்திருக்கிறேன்.

இரத்தக்கட்டியைக் கரைக்க உதவும் இன்னொரு பாக்டீரியப் பொருளான ஸ்ட்ரெப்டோகைனேஸின் கதை வேறு. 1933-இல் வில்லியம் டில்லெட் குழுவினர் ஸ்ட்ரெப்டோகாக்கஸிடம் கண்ட இந்தப் பொருள் தன்னளவில் நொதியே அன்று. நம் இரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தோடு இணைந்து அதைத் தூண்டி, ஃபைப்ரினைக் கரைக்கும் நொதியான பிளாஸ்மின் உருவாக வழிசெய்கிறது. குளோரைடு அயனி பிளாஸ்மினோஜனை மூடிய வடிவில் நிறுத்திவைக்கும். ஆகவே இவ்வகைத் தூண்டிகளைச் சோதிக்கும்போது, உப்பின் விளைவு பாக்டீரியப் புரதத்தின் மீதா, மனிதப் புரதத்தின் மீதா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

ஒருவேளை நீங்கள் மாணவர் அல்லாமல், நாட்டோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்து, உணவில் உப்பைக் குறைத்தால் அது நன்றாக வேலை செய்யுமா என்று கேட்டிருந்தால், இரத்தத்தின் சோடியம் அளவை உடல் குறுகிய எல்லைக்குள் வைத்திருப்பதால் அந்த எதிர்பார்ப்புக்கு அடிப்படையில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேளாமல் அம்மாத்திரையைத் தொட வேண்டாம்.

மாணவராக இருந்தால், ஒவ்வொரு உப்பு அளவுக்கும் நொதியிடாத தட்டு ஒன்றையும், அளவு தெரிந்த பிளாஸ்மின் இட்ட தட்டு ஒன்றையும் கூடவே வையுங்கள்; எல்லாவற்றையும் சாயமிட்ட பிறகே வளையத்தை அளந்து எழுதுங்கள்.