எர்ரரின் முதல் வரி: லினக்ஸில் நிரல் எழுதத் தொடங்கியவர்களின் கேள்விகளும் பதில்களும்

பள்ளி விடுமுறை வந்தால் கேள்விகள் குவியும். லேபில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் அதை நிறுவி, சொந்தமாக நிரல் எழுதிப் பார்ப்பது அப்போதுதான். பாலக்காட்டுப் பக்கமும் இடுக்கி மலையிலும் தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் தரும் குனு/லினக்ஸ், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. லேபில் பழகியதை வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "ஏதோ எர்ரர் வருகிறது" என்றுதான் இருந்தன. என்ன எர்ரர் என்று எழுதியவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக அதைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். அதில் வருவது இருபது முப்பது சொற்கள்தான், திரும்பத் திரும்ப அவையேதான் வரும். ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஒரே மாதத்தில் பழகிவிடும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு.

டீச்சர், சி-யில் ஹலோ நிரல் எழுதி ஜிசிசி-யில் (சி நிரலை இயந்திர மொழியாக்கும் கருவி) கம்பைல் செய்தேன். எர்ரர் இல்லை. ஆனால் அது உண்டாக்கிய நிரலின் பெயரான 'ஏ.அவுட்' என்று அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது. (பத்தாம் வகுப்பு, கொழிஞ்சாம்பாறை)

நீ செய்ததில் தவறில்லை. ஒரு பெயரை அடித்தால் ஷெல் (நீ அடிக்கும் கட்டளைகளை இயக்கும் நிரல்) அதை எல்லா இடத்திலும் தேடாது. 'பாத்' என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும்தான் தேடும். நீ நிற்கும் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் "இங்கேயே இருப்பதை ஓட்டு" என்று சொல்ல, முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து ./ஏ.அவுட் என்று அடிக்க வேண்டும்.

நிற்கும் ஃபோல்டரை ஏன் சேர்க்கவில்லை? பாதுகாப்புக்காகத்தான். பலர் பயன்படுத்தும் ஒரு ஃபோல்டரில் யாராவது 'எல்எஸ்' என்ற பெயரில் கெட்ட நிரல் ஒன்றை வைத்துவிட்டால், நீ பட்டியல் பார்க்கப் போய் அதை ஓட்டிவிடலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் நிரலுக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைக்காதே. அந்தப் பெயரில் ஷெல்லுக்குள்ளேயே ஒரு கட்டளை உண்டு. டெஸ்ட் என்று அடித்தால் அதுதான் ஓடும், எதையும் அச்சிடாது. நிரலில் பிழை என்று நினைத்து நீ மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பாய்.

ஸ்கூலில் ஓடிய நிரலைப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். வீட்டில் பென்டிரைவிலிருந்தே ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்'. ஃபைலின் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் போட்டும் மாறவில்லை. சூடோ (நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டலாமா அக்கா? (வண்டிப்பெரியாறு)

வேண்டாம் தம்பி, இதற்கு சூடோ மருந்து இல்லை. பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபாட்32 வடிவில் இருக்கும். 'இந்த ஃபைலை ஓட்டலாம்' என்ற அனுமதியைக் குறித்து வைக்க அந்த வடிவில் இடமே கிடையாது. அதனால் பென்டிரைவைச் செருகும்போது எந்த ஃபைலுக்கு அந்த அனுமதி தருவது என்பதை உபுண்டுவே முடிவு செய்கிறது. விண்டோஸின் .இஎக்ஸ்இ போன்ற பெயர்முடிவுகளுக்குத் தரும், உன் நிரலுக்குத் தராது. குறிக்க இடமில்லாததால் சிஎச்மாட் சொன்னாலும் நிற்காது.

நிரலின் மூல ஃபைலை ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்து அங்கே மறுபடி கம்பைல் செய். பென்டிரைவில் .சி ஃபைல் மட்டும் போய்வரட்டும். கம்பைல் ஆனதைச் சுமக்க வேண்டியதில்லை. இரண்டு கணினிகளின் பதிப்புகளும் வேறாக இருந்தால் அது ஓடாமலும் போகலாம்.

மேடம், வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் நிரல். எஸ்கியூஆர்டி-க்குள் 16 என்று நேராகக் கொடுத்தால் வேலை செய்கிறது. பயனரிடம் 'என்' வாங்கி அதைக் கொடுத்தால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்கிறது. மேத்.எச் சேர்த்துத்தான் இருக்கிறேன். (பாலிடெக்னிக் மாணவி, செங்கோட்டை)

இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டையும் ஓட்டிப் பார்த்து வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறீர்களே, பிழையைப் பிடிக்கும் வழியே அதுதான்.

கம்பைல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் உண்மையில் சில கட்டங்கள் உண்டு. முதலில் கம்பைலர் உங்கள் சி-யை இயந்திர மொழியாக்குகிறது. கடைசியில் லிங்கர் வந்து, நீங்கள் எழுதாமல் அழைத்த ஃபங்ஷன்களை நூலகங்களிலிருந்து இணைக்கிறது. மேத்.எச் தருவது முதல் கட்டத்துக்கு வேண்டியதை மட்டும்: இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு, அது தசம எண் ஒன்றை வாங்கித் தசம எண் ஒன்றைத் தரும் என்ற அறிவிப்பு. அதன் உடல் 'லிப்எம்' என்ற தனி நூலகத்தில் இருக்கிறது. அதையும் சேர்க்கச் சொல்ல, கட்டளையின் கடைசியில் -எல்எம் போட வேண்டும்.

சரி, 16 மட்டும் எப்படி வேலை செய்தது? 16-இன் வர்க்கமூலம் மாறவே மாறாது என்று ஜிசிசி-க்குத் தெரியும். அதனால் கம்பைல் செய்யும்போதே 4 என்று கணக்கிட்டு எழுதிவிடுகிறது. ஓடும்போது ஃபங்ஷனை அழைப்பதே இல்லை, நூலகமும் தேவைப்படுவதில்லை. 'என்' என்னவென்று நிரல் ஓடும்போதுதான் தெரியும், அதனால் நூலகம் கட்டாயம்.

-எல்எம்-ஐ உங்கள் ஃபைல் பெயருக்குப் பின்னால் போடுங்கள். உபுண்டுவில் லிங்கர் இடமிருந்து வலமாகப் பார்த்து, அதுவரை யாருக்கும் தேவைப்படாத நூலகத்தை விட்டுவிடும். முன்னால் போட்டுவிட்டு "சேர்த்தும் அதே எர்ரர்" என்று எழுதுபவர்கள் பலர். எர்ரரின் கடைசி வரியில் 'எல்டி ரிட்டர்ன்ட் 1' என்று இருந்தால் பிரச்சினை லிங்கரில் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சி இலக்கணம் சரியாகவே இருக்கிறது.

பயனரிடம் எண் வாங்க, சி-யில் ஒரு ஸ்கேன்எஃப் எழுதினேன். எண்ணைக் கொடுத்ததும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. (வேலந்தாவளம்)

மாறியின் பெயருக்கு முன்னால் & குறி விட்டுப்போயிருக்கும். கம்பைல் செய்தபோது ஜிசிசி இதை வார்னிங்காகச் சொல்லியிருக்கும், "வார்னிங்தானே" என்று கடந்துவிட்டிருப்பீர்கள். தொடங்கும் காலத்தில் வார்னிங்கையும் எர்ரராகவே நினையுங்கள். -டபிள்யூஆல் (இதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து) சேர்த்துக் கம்பைல் செய்தால் இன்னும் பலவற்றைச் சொல்லும். அப்போதும் புரியாவிட்டால் -ஜி, -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் இரண்டையும் சேர்த்துக் கம்பைல் செய்து ஓட்டுங்கள். பெரும்பாலும் எந்த வரியில் விழுந்தது என்று காட்டிவிடும்.

பைத்தான் பொதி ஒன்றை நிறுவ பிப் இன்ஸ்டால் போட்டால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்கிறது மேடம். நண்பன் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னான். செய்யலாமா? (நகரி)

செய்யாதீர்கள். அந்தப் பெயரே எச்சரிக்கைதான்.

உபுண்டுவின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. கணினியில் உள்ள பைத்தான் முதலில் அவற்றுக்கு உரியது, அதை உபுண்டுவின் பொதி நிறுவும் கருவியான ஆப்ட் பராமரிக்கிறது. நீங்கள் பிப்பில் வேறு பதிப்பு ஒன்றைத் திணித்தால் இரண்டும் மோதும். சூடோ பிப் என்று போட்டு, அடுத்த நாள் டெர்மினலே திறக்காமல் போன லேப்டாப்பை நான் சரிசெய்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் போனது. 2023-இல் வந்த டெபியன் 12 (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) முதல் இதைத் தடுக்கிறார்கள், உபுண்டு 24.04-இலும் தடை உண்டு.

உங்கள் திட்டத்துக்கென்று தனிப் பைத்தான் சூழல் ஒன்றை உண்டாக்குங்கள். முதலில் ஆப்டில் பைத்தான்3-வென்வ் பொதியை நிறுவுங்கள். பிறகு பைத்தான்3 -எம் வென்வ் என்று அடித்து ஒரு ஃபோல்டர் பெயர் கொடுங்கள். அந்த ஃபோல்டருக்குள் பின்/ஆக்டிவேட் என்ற ஃபைல் இருக்கும், அதைச் சோர்ஸ் கட்டளையால் இயக்குங்கள். இனி பிப் தடையில்லாமல் வேலை செய்யும்.

"நேற்று ஓடியது, இன்று 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' வருகிறது" என்று அடுத்த வாரம் எழுதுவீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். புதிதாக டெர்மினல் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆக்டிவேட் செய்ய வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சித்தூர், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சித்தூர். கோயம்புத்தூரில் நின்று சித்தூர் பஸ் என்று கேட்டால் பாலக்காட்டுச் சித்தூருக்கு ஏற்றிவிடுவார்கள், திருத்தணியில் கேட்டால் ஆந்திரச் சித்தூருக்கு. பைத்தான்3 என்ற பெயரும் அப்படித்தான், ஆக்டிவேட் செய்த டெர்மினலில் ஒன்று, செய்யாததில் வேறொன்று. சந்தேகம் வந்தால் விச் பைத்தான்3 என்று அடியுங்கள். முழு முகவரியும் வரும்.

ரேண்டம் எண் எடுக்கும் நிரல் எழுதி 'ரேண்டம்.பை' என்று சேமித்தேன். 'ராண்டின்ட் இல்லை' என்கிறது. (மூணாறு)

ஃபைலின் பெயரை மாற்று. இம்போர்ட் செய்யும்போது பைத்தான் முதலில் உன் ஃபைல் இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும் (ஷெல்லுக்கு நேர் எதிர்). உன் ஃபைலே கிடைத்துவிட்டதால் உண்மையான ரேண்டம் வரை போகவில்லை.

விண்டோஸும் உபுண்டுவும் ஒரே லேப்டாப்பில். வீட்டில் நெட் இல்லை. கோடை மாற்றி மேக் (மாறிய ஃபைல்களை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் கருவி) போட்டால் 'அப் டு டேட்' என்று சொல்லிப் பழைய விடையையே தருகிறது. சில நாள் 'கிளாக் ஸ்க்யூ' என்றும் சொல்கிறது. (குமுளி)

கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்தரை மணி நேரம் முன்னால் போயிருக்கும்.

லேப்டாப்பின் உள்கடிகாரத்தில் இருப்பது இந்திய நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு உபுண்டு மேலும் 5.30 மணி கூட்டுகிறது. நெட் இருந்தால் தானே திருத்திக்கொள்ளும், உங்களுக்கு அது இல்லை. மேக் நிரலைப் படித்துப் பார்ப்பதில்லை, ஃபைல்களின் நேரத்தை மட்டும் ஒப்பிடுகிறது. கடிகாரம் முன்னால் ஓடியபோது உண்டான நிரலுக்கு இன்னும் வராத நேரம் பதிந்துவிட்டது. கடிகாரம் சரியான பிறகு நீங்கள் திருத்திய .சி ஃபைல் அதைவிடப் பழையதாகத் தெரிகிறது. அதனால் செய்ய வேலை இல்லை என்று மேக் நினைக்கிறது.

டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒரு முறை அடியுங்கள். பிறகு டைம்டேட்சிடிஎல் என்று மட்டும் அடித்தால் எச்சரிக்கை ஒன்று வரும். அது முக்கியமாக, ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளுக்கானது, நமக்கு அந்த வழக்கம் இல்லை. அப்புறம் கடிகாரத்தைச் சரிசெய்து, பழைய ஏ.அவுட்டையும் .ஓ ஃபைல்களையும் அழித்துவிட்டு மேக் போடுங்கள்.

விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் 'ரெக்வயர்ட் ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்கிறது. சில கணினியில் ^எம் என்று ஒரு குறி தெரிகிறது. (களியக்காவிளை)

விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். ஸ்கிரிப்டின் முதல் வரியில், அதை ஓட்டும் ஷெல்லான பாஷ் இருக்கும் இடத்தின் பெயரோடு அந்தக் கூடுதல் குறியும் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒரு பெயரில் எந்த ஃபைலும் இல்லை. டாஸ்2யூனிக்ஸ் நிறுவி, ஸ்கிரிப்டை ஒருமுறை அதன் வழியாக அனுப்புங்கள்.

ஆப்ட் 'குட் நாட் கெட் லாக்' என்கிறது. லாக் ஃபைலை அழிக்கலாமா?

ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். அழிக்காதீர்கள். கணினியைத் திறந்ததும் உபுண்டு பின்னணியில் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். நம்முடைய மலைப்பக்க நெட்டில் அதற்கு நேரமாகும், முடியும்வரை பொறுத்திருங்கள். நடுவில் அழித்தால் பொதிகள் அரைகுறையாக நின்றுவிடும்.

டீச்சர், தமிழில் சொல் விளையாட்டு செய்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் சி 15 என்கிறது, பைத்தான் 5 என்கிறது. மூன்றுதானே? (தேவிகுளம்)

மூன்றுதான். மற்ற இரண்டும் வேறு எதையோ எண்ணுகின்றன.

யூனிகோடில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். பைத்தானின் லென் அவற்றை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும், சி-யின் எஸ்டிஆர்லென் பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. அதனால் சி-யில் 10 இடமுள்ள கேர் அரேயில் இந்தச் சொல்லை வைத்தால் வழிந்துவிடும். முடிவுக்குறியையும் சேர்த்து 16 வேண்டும்.

விளையாட்டைப் பைத்தானிலேயே செய். யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து, ஒவ்வொரு குறிக்கும் அதன் வகையைக் கேள். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் எம் என்ற எழுத்தில் தொடங்கும் வகைதான் வரும். அவை வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடு, இல்லையென்றால் புது எழுத்தைத் தொடங்கு. 'தமிழ்' த, மி, ழ் என்று சரியாகப் பிரியும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

விளையாடுபவர் 'மொழி' என்று சரியாக அடித்தும் உன் நிரல் தவறு என்று சொல்லலாம். 'மொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், பைத்தானுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு சொல்லையும் அதே மாட்யூலின் நார்மலைஸில் என்எஃப்சி என்று (பெரிய எழுத்தில்) கொடுத்து எடுத்துக்கொள். டெர்மினலில் கொம்பு எழுத்தை விட்டு விலகித் தெரிந்தால் உன் நிரலைச் சந்தேகிக்காதே, டெர்மினல் காட்டும் முறையில்தான் அந்தக் குறை. விடையை ஒரு ஃபைலில் எழுதி எடிட்டரில் திறந்து பார்.