ஒரே பெயர், வெவ்வேறு நடைமுறை

கேள்வி: அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் நடைமுறை இடத்துக்கு இடம் மாறுவது ஏன்?

பதில்: விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கே முழுக்கு ஞானஸ்நானம் என்பதில் ஒன்றுபடும் இச்சபைகளுக்குப் பேராயர் கிடையாது, போதகரை அழைப்பது முதல் சொத்தை நிர்வகிப்பது வரை அந்தந்தச் சபையாரே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 1845இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் உருவான தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபைக் கூட்டமைப்புகூட, ஒத்துப்போகாத சபையைத் தன் கூட்டுறவிலிருந்து விலக்கலாமே தவிர, அதன் போதகரை நீக்க முடியாது. (அடிமைகளை வைத்திருப்போர் மிஷனரிகளாகலாமா என்ற தகராறே அந்த மாநாடு வடக்கத்திய பாப்டிஸ்டுகளிடமிருந்து பிரியக் காரணம், இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்.) உதாரணமாக, பழைய வழக்கங்களையே பின்பற்றும் பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபைகள் பெரும்பாலும் ஞாயிறு பள்ளி நடத்துவதில்லை, இசைக்கருவியின்றிப் பாடும் இவர்களில் பலர், திருவிருந்து முடிந்ததும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒருவர் காலை ஒருவர் கழுவித் துடைக்கிறார்கள்.