'லூசன்' என்றால் அவிழ்ப்பதா, தளர்த்துவதா?

'ஷி லூசன்ட் த நாட்' (She loosened the knot) என்ற ஆங்கில வாக்கியத்தை 'முடிச்சை அவிழ்த்தாள்' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அதற்கு 'முடிச்சைத் தளர்த்தினாள்' என்பதே சரி. 'அவிழ்த்தாள்' என்பது 'அன்டை' (untie) என்ற வேறு வினைக்கு உரியது.

'லூஸ்' என்றாலே கழன்றுபோனது என்று பேச்சில் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். 'லூசன்' இறுக்கத்தைக் குறைப்பதோடு நின்றுவிடும்.

சோதிக்க ஒரு வழி: செயல் முடிந்தபின் முடிச்சு இன்னும் இருக்கிறதா? விரல் நுழையும் அளவுக்கு நெகிழ்ந்து, ஆனால் முடிச்சாகவே இருந்தால் 'லூசன்'. கயிறு நேராகிவிட்டால் 'அன்டை'. திருகாணிக்கும் அப்படியே: அரைச்சுற்று திருப்பி மரையிலேயே விட்டால் 'லூசன்', கையில் வந்துவிட்டால் 'அன்ஸ்க்ரூ'.

பிடி, பெல்ட், விதிமுறை எல்லாவற்றுக்கும் 'தளர்த்து' பொருந்தும். மண்ணுக்கு மட்டும் 'கிளறிவிடு', 'பொலபொலப்பாக்கு' என்றால்தான் தமிழாக இருக்கும்.

ஆட்களைப் பற்றி வரும்போது மிகவும் கவனம் தேவை. 'ஹி லூசன்ட் அப்' என்பதை 'அவர் தளர்ந்தார்' என்று எழுதிவிடாதீர்கள். சோர்ந்துபோனார் என்று பொருள் தலைகீழாகிவிடும். 'இறுக்கம் தளர்ந்து சகஜமானார்' என்று எழுதுங்கள். உடற்பயிற்சி பற்றிய பேச்சில் அதே தொடர் வந்தால், தசைகளை இளக்கிக்கொண்டார் என்று பொருள்.