வீட்டில் என்னை எந்த விகுதியில் கூப்பிடுவது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கம். வயது 27. சென்னையில் வேலை. நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பிறந்தபோது என்னவென்று எழுதினார்கள் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் அந்தக் கட்டத்துக்குள் வைத்துத்தான் மீதியைப் படிப்பீர்கள். எங்கள் நகரத்தாரில் சின்ன வயதில் ஆண்பிள்ளைக்குச் சூப்பிடி, பெண்பிள்ளைக்குத் திருவாதிரை என்று 'புதுமை' என்கிற சடங்கு செய்வார்கள். எனக்கும் இரண்டில் ஒன்று செய்தார்கள். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அழுதுகொண்டிருக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி குடும்ப வாட்ஸப் குரூப்பில் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் non-binary என்பார்கள், தமிழில் தட்டியதால் 'நான் பைனரி' என்று விழுந்தது. பெரியப்பா மறுநாளே போன் செய்து, "அப்ப திருநங்கையா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப திருநம்பியா?" அதுவும் இல்லை என்றதும், மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனால் சரியாகிவிடும் என்றார். அப்பச்சி (எங்கள் அப்பா) குரூப்பிலேயே "பைனரின்னா கம்ப்யூட்டர் பாடம்தானே?" என்று கேட்டார். நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் பிரச்சினை அம்மாதான். எனக்கு அவனும் வேண்டாம், அவளும் வேண்டாம், 'அவங்க' என்று சொல்லுங்கள் என்று நூறு முறை கேட்டுவிட்டேன். "பெத்த பிள்ளைய அவுகன்னு சொன்னா ஊரு சிரிக்கும்" என்கிறார். இப்போது அதற்கும் மேலே போய்விட்டார். போன தடவை ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "பிள்ளை வந்துருச்சு, அசந்து தூங்குது" என்றார். வந்துருச்சு! தூங்குது! ஆடு மாட்டைச் சொல்கிற மாதிரி. எழுந்துபோய் அந்த ஆச்சியின் எதிரிலேயே கத்தினேன்.

சித்தப்பாவின் சாந்திக் கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணம்) வீடியோக்காரர் "ஜென்ட்ஸ் இந்தப் பக்கம், லேடீஸ் அந்தப் பக்கம்" என்றார். வளவில் (வீட்டின் உள்முற்றம்) தூணைப் பிடித்துக்கொண்டு தரையின் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவை எண்ணிக்கொண்டு நின்றேன். அம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பந்தியில் ஒருவர் "எப்ப சாப்பாடு போடப் போறே?" என்று கல்யாணத்தைக் கேட்டார். எங்களில் கல்யாணம் ஆனால்தான் கோயிலில் புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம். இந்த ஜென்மத்தில் நான் புள்ளியாகப் போவதில்லை.

அதிலிருந்து ஊருக்குப் போவதில்லை. பிள்ளையார் நோன்புக்கும் போகவில்லை. எங்கள் வீட்டில் ஆண்கள் முதலில் இழை எடுப்பார்கள், பெண்கள் அப்புறம், நான் எங்கே நிற்பது? அண்ணமிண்டி (அண்ணன் மனைவியை அப்படித்தான் சொல்வோம்) மாசமாக இருப்பதால் இரண்டு இழை எடுத்தார் என்று குரூப்பில் படம் வந்தது. வர முடியாதவர்களுக்கு அப்பச்சி சேர்த்து எடுப்பார். எனக்கு எடுத்தாரா தெரியாது, நானும் கேட்கவில்லை. அதை விடுங்கள்.

அம்மா மனது வைத்தால் எல்லாம் மாறும். அவரே 'வந்துருச்சு' என்றால் ஊர் எப்படிப் பேசும்? அவரைச் சரியான விகுதியில் பேச வைக்க நான் என்ன செய்வது?

பெயர் வேண்டாம், காரைக்குடிப் பக்கம்

*

அன்புள்ள உங்களுக்கு,

'அதை விடுங்கள்' என்கிறீர்கள். விட மாட்டேன்.

மற்ற ஊர் வாசகர்களுக்காக: திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. 21 நூலிழையைத் திரித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். அதுதான் இழை எடுப்பது.

அம்மாவைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் அப்பச்சியைப் பற்றி எழுதியது நாலைந்து வரி. அம்மாவிடம் உங்களால் கத்த முடிகிறது. அவர் எங்கேயும் போய்விட மாட்டார் என்று தெரிந்திருப்பதால் முடிகிறது. அப்பச்சியிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட வாய் வரவில்லை. எனக்கு இழை எடுத்தீர்களா என்று கேட்டு, இல்லை என்று வந்துவிட்டால்? அந்தப் பயத்தின் மேல் விகுதிச் சண்டையை அடுக்கிவைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா சொன்ன டாக்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போகாதீர்கள். இது நோய் இல்லை. ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. அவரிடம் இதைச் சொல்லுங்கள், கேட்டால் கேட்கட்டும்.

இனி உங்களுக்குப் பிடிக்காத சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

'நான் பைனரி' என்றதும் பெரியப்பா மருந்து சொன்னார். அது என்னவென்று தெரிந்துகொள்ளக் கேட்டவர், உங்கள் கடிதத்தில் பார்த்தவரை, அப்பச்சி ஒருவர்தான். தமிழ் எழுத்தில் அதைப் படிக்கிற யாருக்கும் 'நான்' என்பது தன்னைச் சொல்வதாகத்தான் படும். பாடம்தானே என்று கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை, நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தீர்கள். ஒன்றரை வருடமாக அந்தக் கேள்வி குரூப்பில் அப்படியே கிடக்கிறது.

அம்மா விஷயத்திலும் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. வழியில் போகிறவர் 'அது' என்றால் அவமானம். அந்த ஒரு சொல்லில் எத்தனை பேர் காயப்பட்டிருக்கிறார்கள் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் பக்கத்தில் 'பிள்ளை வந்துருச்சு' என்பது தொட்டிலில் கிடக்கிற பிள்ளையையும் வெளியூரிலிருந்து வந்து இறங்கிய பிள்ளையையும் சொல்கிற சொல். 'இப்போது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன்பு வேறு விகுதி இருந்தது, அதை அம்மா விட்டுவிட்டார். ஊர் சிரிக்கும் என்று பயந்த ஒருவர், ஊர் சிரிக்காத ஒரு சொல்லைத் தன் பெட்டியில் தேடி எடுத்திருக்கலாம் இல்லையா? அதைத்தான் ஆச்சியின் எதிரில் கத்தி அடைத்தீர்கள். 27 வயதில் அது பிடிக்கவில்லை என்றால் அதுவும் நியாயம். பழையதை விட்டதைக் கவனித்தேன் என்று முதலில் சொல்லிவிட்டு, இதுவும் உறுத்துகிறது என்று அப்புறம் சொல்லுங்கள். தூணருகே அவர் வாய் திறக்காததும் உங்களுக்கு வலித்திருக்கிறது. அதையும் சொல்லலாம், ஆனால் தனியாக இருக்கும்போது.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் ஓரிடத்திலும் உங்கள் பால் எனக்குத் தெரியவில்லை. சாமர்த்தியம்தான், ஆனால் பாதி சாமர்த்தியம் தமிழுடையது. வந்தேன், அழுதேன், வந்தாயா, சாப்பிட்டாயா: தன்மைக்கும் முன்னிலைக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. பால் காட்டுவது படர்க்கைதான், அதாவது உங்களிடம் பேசாமல் உங்களைப் பற்றிப் பேசும்போது. எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அம்மாவுக்கு 'சாப்பிட்டியா' போதும். ஊருக்குப் போகாமல் இருக்க இருக்க அந்த வீட்டில் நீங்கள் படர்க்கையாகிக்கொண்டே போவீர்கள்.

கோயில் புள்ளிக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. அது இழப்புதான். புள்ளிக் கணக்கு அப்பச்சி கையிலும் இல்லை. இழை அவர் கையில் இருந்தது.

அண்ணமிண்டியின் இரண்டு இழையில் ஒன்று வயிற்றில் இருப்பதற்கு. ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது, பார்த்துச் சொல்வதற்கும் 1994ஆம் வருடச் சட்டத்தில் தடை. தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அந்தப் படத்தை நீங்கள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதை எழுதவில்லை.

குரூப்பில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பச்சிக்கு நேரே போன் போடுங்கள். பைனரி விளக்கம் அன்றைக்கு வேண்டாம், அதற்குப் பல்லவன் ரயிலில் ஏறி ஊருக்குப் போய் வளவில் உட்கார்ந்து பேசலாம். இழையை மட்டும் கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கி "எப்ப வர்றே?" என்றால், தேதியைச் சொல்லிவிட்டு, போனை அப்பச்சியிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்று அவர் சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அது வேறு கடிதம்.